பிள்ளைகள் விளையாடும் பந்தலுக்கு என்ன கூரை?

பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உள்ளவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சல், மணல் குவியல் என்று அமைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மேலே போடுவது தகரம். "ஒரு தடவ போட்டுட்டா அப்புறம் கவலையே இல்ல" என்கிறார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே பெரியவங்களே உட்கார முடியாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போடுவது இன்னும் மோசம். அது உடைந்தாலும் அறுத்தாலும் பறக்கும் இழை நுரையீரலுக்குள் போகும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்போ கீத்து போடலாமா? குளிர்ச்சிக்கு அதுக்கு ஈடில்லை. ஆனால் 2004 ஜூலை 16-ஐ நாம் மறக்க முடியாது. கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். பக்கத்திலேயே அடுப்பு, நெரிசலான வகுப்பு, வெளியேறக் குறுகலான வழி. அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது.

ஆகவே வீட்டில் கீத்து போடுவதென்றால் நாலு கட்டுப்பாடு வேண்டும். நாலு பக்கமும் திறந்திருக்கணும், தட்டி கட்டக் கூடாது. அடுப்பு இருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கணும். கூரைக்குள் மின்கம்பி, விளக்கு எதுவும் கூடாது. தீபாவளிக்கு முன்பே கீத்தை இறக்கிவிடணும். ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் போதும்.

இறக்கிவிட்டால் பிறகு என்ன? அங்கேதான் அவரை வருகிறது. பங்குனி முதல் புரட்டாசி வரை கீத்து, அதன்பின் தை முடிய அவரைப் பந்தல். ஒரே சட்டத்துக்கு இரண்டு கூரை.

8 அடிக்கு 8 அடி இடம் என்று வைத்துக்கொள்வோம். நாலு மூலைக்கும் 9 அடி சவுக்குக் கம்பு, நடு முகட்டைத் தாங்க 13 அடிக் கம்பு இரண்டு. மண்ணுக்குள் போகும் 2 அடியை லேசாகக் கருக்கி நடுங்கள். முகடு 11 அடி உயரம், பக்கம் 7 அடி உயரம். இந்தச் சரிவு இருந்தால்தான் மழைத் தண்ணீர் நிற்காமல் வழியும். மூங்கில் வரிச்சைத் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கீத்தை அடியிலிருந்து மேலே வேய்ந்து போகணும். மேல் வரிசை கீழ் வரிசையைப் பாதிக்கு மேல் மூடணும். ஊஞ்சலுக்குத் தனிச் சட்டம் போடுங்கள். கூரைச் சட்டத்திலேயே தொங்கவிட்டால் ஆட ஆடக் கட்டு தளரும்.

ஆடிக் கடைசியில் ஒவ்வொரு காலின் அடியிலும் தொழுவுரம் இட்டு இரண்டு மூன்று கொடி அவரை விதை ஊன்றுங்கள். புரட்டாசியில் கீத்தை இறக்கும்வரை கொடி காலிலேயே சுற்றி நிற்கட்டும். பிறகு வரிச்சின்மேல் அடிக்கு ஒரு கயிறு இழுத்து ஏற்றிவிடுங்கள்.

இதில் இன்னொரு லாபம், புயல். 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்தபோது மரங்கள் சாய்ந்ததையும் தகரங்கள் பறந்ததையும் நம் பக்கத்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். பறக்கும் தகரம் ஆளை வெட்டும். கொடிப் பந்தலில் காற்று புகுந்து போய்விடும். மழைக்காலத்தில் கொடி ஒழுகத்தான் செய்யும். அந்நேரம் பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பார்கள்.

அவரையில் அசுவினி வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். மிளகாய் சேர்த்த கரைசல் வேண்டாம், கீழே நிற்கும் பிள்ளைகளின் கண்ணில் படும். விஷ மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இறக்கிய பழைய கீத்தைக் கொளுத்த வேண்டாம். பூரான், தேள் இருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காகப் போடுங்கள். தை முடிந்து காய்ந்த அவரைக்கொடியும் அங்கேயே போகும். முற்றிய நெற்று நாலைந்தை விதைக்கு எடுத்து வையுங்கள். பங்குனியில் கால்களும் கட்டுகளும் உறுதியாக இருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் புதுக் கீத்து ஏற்றலாம்.