ஒரே சாலை, மூன்று சொல்

கொல்கத்தாவின் பெஹாலா சந்தையில் காய்கறிக்காரர் எடுத்தவுடன் கேட்பது, "கீ லாக்பே?" என்ன வேணும் என்று அர்த்தம். வங்க மொழியில் ஆசைப்பட்டுக் கேட்பதற்குச் 'சாய்' என்பார்கள், அவசியம் என்றால் 'தொர்கார்', அன்புக்குப் 'பாலோபாஷா'. நமக்கோ குழந்தை மிட்டாய் கேட்டாலும் வேணும், நோயாளி மாத்திரை கேட்டாலும் வேணும்தான். அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது, பெஹாலாவை நெடுகக் கடக்கும் டைமண்ட் ஹார்பர் சாலை.

அந்தச் சாலையில், ரயில் பாதைக்கு மேலே போகும் மாஜேர்ஹாட் பாலத்தைத் தாண்டித்தான் பெஹாலாக்காரர்கள் நகரத்துக்குள் போகவேண்டும். அந்தப் பாலத்தை யாரும் நேசித்ததாகத் தெரியவில்லை. பேருந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? 2018 செப்டம்பர் 4 மாலை அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மூன்று உயிர்கள் போயின. புதிய பாலம் திறந்தது 2020 டிசம்பரில்தான். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஊரே சுற்றுவழியில் வேலைக்குப் போய்வந்தது. தேவைக்கு இப்படி ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. இருக்கும்போது கண்ணில் படாது, பராமரிக்கவும் தோன்றாது.

ஆசைப்பட்டது மெட்ரோவுக்கு. வருடக்கணக்கில் சாலை நடுவே தூண்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். 2022 டிசம்பர் 30 அன்று ஜோக்காவிலிருந்து தாராதலா வரை ரயில் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. ஆறே நிலையங்கள். இறங்கியதும் மறுபடி பேருந்து பிடிக்கவேண்டும் என்பதால் ஆரம்பத்தில் கூட்டமே இல்லை. 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட்டைத் தொட்டது. நகரின் நடுப்பகுதியோடு இணைந்தால்தான் அந்த ஆசை அன்றாடத் தேவையாக மாறும்.

டிராம் கதைதான் மனதைப் பிசைகிறது. கொல்கத்தாவில் குதிரை டிராம் ஓடியது 1873இல். நம் சென்னை 1895இல் மின்சார டிராமைத் தொடங்கி 1953இல் கைவிட்டது. கொல்கத்தா கைவிடவில்லை. 1986இல் பெஹாலாவிலிருந்து ஜோக்காவுக்குப் புதிதாகத் தண்டவாளமே போட்டது! மெட்ரோ வேலை வந்ததும் அந்தத் தடம் போய்விட்டது. 2024இல் மாநில அரசு, மைதானம்–எஸ்பிளனேடு தடம் ஒன்றை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

டிராமை உயிராக நேசிப்பவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் தினமும் அதில் ஏறினார்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் தெருவில் இறங்கிப் போராடியவர்களும், நீதிமன்றம் வரை போனவர்களும் கேட்டது ஞாயிற்றுக்கிழமை உல்லாசச் சவாரியை அல்ல. காலையில் ஏறி ஆபீஸுக்குப் போக, குழந்தையைப் பள்ளியில் விட, புகை கக்காத ஒரு வண்டியைக் கேட்டார்கள். தாங்கள் நேசிக்கும் ஒன்று ஊருக்கு மறுபடியும் தேவைப்படவேண்டும் என்று கேட்டார்கள்.