எகிப்து நாட்டு ஏழையும் அவன் உண்ணும் ரொட்டியும்

எகிப்து என்ற அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன பிரமிடுகளும், பண்டை மன்னரின் கல்லறைகளும், நைல் நதியின் பெருவெள்ளமுமேயாம். சரித்திர வகுப்பிலே நாம் கற்றனவும் பெரும்பாலும் அவையே. அப் பிரமிடுகளுக்குக் கல் சுமந்தவன் எங்ஙனம் உண்டான், அவன் வழியில் வந்து இன்றும் அந்நதிக்கரையில் உழும் குடியானவன் எங்ஙனம் வாழ்கின்றான் என்பவற்றை நாம் வினவினோமல்லேம். அக்குறையைச் சிறிது நீக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

எகிப்து தேசம் ஏறக்குறைய 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆயினும் அதிற் பெரும்பகுதி மணற்காடு. நதியின் இரு கரைகளிலும், அது பல கிளைகளாய்ப் பிரிந்து கடலோடு கலக்கும் கழிமுகத்திலுமே ஜனங்களுட் பெரும்பாலார் நெருங்கி வாழ்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் அவர்கள் தொகை 10 கோடியை எட்டிற்று. நிலம் சிறிது, மக்கள் பலர். ஆதலின் வறுமை அந்நாட்டிற்கு இயற்கையே என்று கூறுவாருமுளர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. பண்டைக் காலத்தில் உரோமாபுரி மக்களுக்குத் தானியம் அளித்த களஞ்சியம் இந்நாடேயன்றோ? மண் வளங்குன்றியதன்று. அவ்வளத்தின் பயன் யாவர் கையிற் சேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முகம்மது அலி என்னும் அதிபதி நீண்ட இழைப் பருத்தியைப் பயிரிடச் செய்தார். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரால் ஆங்கிலேய ஆலைகளுக்குப் பருத்தி கிட்டாதொழியவே, எகிப்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அச்செல்வத்தை நம்பி ஆட்சியாளர் பெருங்கடன் வாங்கினர். 1869-இல் திறக்கப்பெற்ற சூயஸ் கால்வாயை வெட்டுதற்குக் குடியானவர் பலர் தொடக்கத்திற் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். பின்னர்ப் பருத்தி விலை வீழ்ந்தது, கடன் வளர்ந்தது. 1875-இற் கால்வாயிலிருந்த எகிப்தின் பங்குகள் பிரிட்டனுக்கு விற்கப்பட்டன. 1882-இல் நாடே பிரிட்டிஷ் படையின் வசமாயிற்று. இவ்வளவு கடனையும் தீர்க்க வரி செலுத்தியவன் யாவன்? கடன் பத்திரத்தில் ஒரெழுத்தும் வாசிக்கவறியாத அவ்வுழவனே.

1952-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர், நிலவுடையோருள் நூற்றில் ஒருவருக்கும் குறைந்த தொகையினர், பயிர்நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தம் வசம் வைத்திருந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் இயற்றப்பட்ட சட்டம், ஒருவர் 200 பெத்தானுக்கு மேல் வைத்திருத்தலாகாது என விதித்தது. பெத்தான் என்பது நம் ஏக்கரினும் சிறிது பெரியது. இவ்வெல்லை 1961-இல் 100 ஆகவும், 1969-இல் 50 ஆகவும் குறைக்கப்பட்டது. குத்தகையும் வரையறுக்கப்பட்டது. ஆயின் 1992-இல் வேறொரு சட்டம் தோன்றி, 1997 முதற்கொண்டு குத்தகையை நிலமுடையவன் விருப்பிற்கே விட்டது. தந்தை உழுத வயலைத் தான் இழந்த உழவர் பலர் கூலியாளாயினர். சிலர் நகரம் புகுந்தனர்.

நிற்க. ஏனைய அரபு நாடுகளில் ரொட்டியைக் ‘குப்ஸ்’ என்பர். எகிப்தியரோ அதனை ‘ஐஷ்’ என்றழைக்கின்றனர். அச்சொல்லுக்கு உயிர்வாழ்க்கை என்பது பொருள். இப்பெயர் வெறும் அலங்காரமன்று. ஏழைக் குடும்பத்தின் காலையுணவும் மாலையுணவும் அவித்த மொச்சையொடு கூடிய இவ் வட்ட ரொட்டியேயாம். அரசினர் இதனை அடக்க விலையினும் மிகக் குறைத்து விற்பித்து வருகின்றனர். பங்கீட்டுச் சீட்டுடைய ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஐந்து ரொட்டி கிடைக்கும். ஏறத்தாழ 7 கோடிப் பேர் இவ்வுதவியைப் பெறுகின்றனர்.

இவ்விலையிற் கைவைத்த ஆட்சியினர் பட்ட பாட்டைச் சரித்திரம் கூறும். 1977 ஜனவரியில் அதிபர் சதாத் உணவுப் பொருள்களுக்கு அளித்துவந்த உதவியைக் குறைத்தார். இரண்டு நாட்களில் நகரங்கள் கொந்தளித்தன. எழுபதிற்கு மேற்பட்டோர் மாண்டனர். விலையும் பழையபடியே ஆயிற்று. 2008-இற் கோதுமை விலை உலகெங்கும் உயர, ரொட்டிக்காக நின்ற வரிசைகளிற் சண்டை மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இராணுவத்தாரே ரொட்டி சுட்டு வழங்க நேரிட்டது. 2011-இல் எழுந்த மக்கள், சுதந்திரத்தையும் சமூக நீதியையும் கேட்குமுன் ரொட்டியையே முதலிற் கேட்டனர்.

எகிப்து தனக்கு வேண்டும் கோதுமையிற் பாதியளவைப் பிற நாடுகளிலிருந்து டாலர் கொடுத்து வாங்குகின்றது. 2022-இல் ருஷ்யாவும் உக்ரேனும் பொருதபோது, எகிப்திற்குப் பெரும்பான்மைக் கோதுமையை அளித்த இவ்விரு நாடுகளின் வாணிகமும் தடைப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 16 எகிப்தியப் பவுன் கொடுத்தோர், 2024 மார்ச்சுக்குப்பின் 47-க்கு மேற் கொடுக்க வேண்டியதாயிற்று. முப்பதாண்டுகளுக்கு மேலாக 5 பியாஸ்டராய் நின்ற ரொட்டியின் விலை, 2024 ஜூன் முதல் நாளில் 20 பியாஸ்டராயிற்று. நூறு பியாஸ்டர் ஒரு பவுன். ஐவர் கொண்ட குடும்பம் மாதத்தில் 750 ரொட்டி வாங்குமெனின், முப்பத்தேழரைப் பவுனாயிருந்த செலவு 150 பவுனாகும். அடக்க விலையோ ரொட்டியொன்றுக்கு 125 பியாஸ்டர் என அரசினர் கூறினர்.

இவ்வுதவியை நிறுத்திப் பணமாகக் கொடுத்தலே நன்று என்பாரும் உளர். வறியரல்லாதாரும் மலிவு ரொட்டி பெறுகின்றனர். மாவு கள்ளச் சந்தைக்குச் செல்கின்றது. ரொட்டி கால்நடைக்குத் தீனியாகின்றது என்பன அவர் கூறும் காரணங்கள். இவை பொய்யல்ல. ஆயினும் விலைவாசி ஏறுங்காற் பணத்தின் மதிப்பு கரையும். 2023 செப்டம்பரில் நகரங்களின் விலையேற்றம் ஆண்டிற்கு நூற்றுக்கு 38 ஆயிருந்தது. ரொட்டியோ கரையாது என்னலாமெனின், அதுவும் முழுவுண்மையன்று. 2020-இல் விலையை ஏற்றாமலே அதன் எடையை 90 கிராமாகக் குறைத்தனர். ஆதலின் பணமோ ரொட்டியோ என்பதினும், அளந்தளிப்போர் அளவைக் காக்கின்றனரோ என்பதே பெரிய வினா என்று நமக்குத் தோன்றுகின்றது.

2019-20 ஆண்டுக் கணக்கின்படி எகிப்தியருள் நூற்றுக்கு 29.7 பேர் வறுமைக் கோட்டின் கீழிருந்தனர். மேல் எகிப்து எனப்படும் தென்பகுதிச் சிற்றூர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்நிலையினரே. அங்கிருந்து கெய்ரோவிற்கு வந்தோர், வயல்களின்மீது அனுமதியின்றி எழும்பிய செங்கல் வீடுகளில் நெருங்கி வாழ்கின்றனர். சிலர் பழைய இடுகாட்டு மண்டபங்களையே இல்லமாக்கினர். முக்கட்டம் குன்றின் அடியிலோ, நகரக் குப்பையை வீடுதோறும் திரட்டிவந்து, காகிதம், தகரம், கண்ணாடி எனத் தரம்பிரித்து விற்றுப் பிழைக்கும் ஒரு சமூகமே உள்ளது. ஸப்பாலீன் எனப்படும் இவருட் பெரும்பாலார் காப்டிக் கிறிஸ்தவர். எச்சிற்பொருள்களைத் தின்பித்து இவர் வளர்த்த பன்றிகளை 2009-இல் நோயச்சத்தால் அரசினர் கொல்வித்தனர். பின்னர்த் தெருக்களில் அழுகிய உணவு குவிந்தபோதே, அவர் தொழிலின் அருமையை நகரத்தார் உணர்ந்தனர்.

நோயின் வரலாறும் கருதத்தக்கது. கால்வாய் நீரில் நின்றுழைக்கும் உழவரை நத்தைவழிப் பரவும் ஒருவகைப் புழுநோய் பீடித்தது. அதற்காக 1950-களுக்குப் பின்னர் ஊர்தோறும் ஊசிமருந்து செலுத்தினர். ஊசிகளைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமையால் ஈரலைக் கெடுக்கும் வேறொரு நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றிற்று. நன்மை கருதிச் செய்ததே தீமையாயிற்று. எனினும் 2018, 2019 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்து, நோயாளருக்கு இலவசமாக மருந்தளித்தனர். 2023-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அம்முயற்சியைப் பாராட்டிற்று. ஏழைநாட்டிலும் மனம்வைத்தால் ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

முடிவில் ஒருவரை நினைவுகூர்வோம். 1889-இல் மின்யா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்திற் பிறந்த தாஹா ஹுசைன், குழந்தைப் பருவத்தில் கண்ணோய்க்குச் செய்த முறையற்ற வைத்தியத்தாற் பார்வையிழந்தார். வறுமையும் அறியாமையும் கூடிப் பறித்த கண்கள் அவை. அவரே பின்னர்ப் பாரிஸ் நகரிற் பயின்று, பேரறிஞராகி, 1950-இற் கல்வி மந்திரியாய் அமர்ந்தபோது, உயர்தரப் பள்ளிகளின் சம்பளத்தை நீக்கினார். கல்வி தண்ணீரும் காற்றும்போல் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் ஏறிவந்த ஏணியைப் பிறர்க்கும் நிறுத்திவைத்த அப்பெருந்தகையின் வாழ்க்கை, கல்லூரியிற் பயில்வோரும் பயின்று சென்றோருமாகிய நமக்கு ஒரு கேள்வியை விடுக்கின்றது. அதற்குரிய விடையை நாம் எழுத்தில் அன்று, செயலிலேயே தருதல் கூடும்.