உங்கள் ஊர்க் குறை மக்களவைக்குப் போகும் வழி

ராமநாதபுரம் தொகுதி எம்.பி.யின் மேசைக்கு ஒரே நாளில் இரண்டு மனுக்கள் வரலாம். ஒன்று, எங்கள் ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்பது. இன்னொன்று, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன விசைப்படகையும் ஆட்களையும் மீட்டுத் தர வேண்டும் என்பது. ஒன்று உள்ளூர் விவகாரம், மற்றது இரு நாட்டு விவகாரம். இரண்டையும் டெல்லியில் எழுப்ப வேண்டியவர் ஒரே ஆள். 2024 தேர்தல் கணக்கில் அவருக்கு 16 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். மக்களவையிலோ அவர் 543 பேரில் ஒருவர். அந்தக் கூட்டத்தில் உங்கள் குறை எப்படி மேலே வரும், அதற்கு நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

எல்லாக் குறையையும் எம்.பி.யிடம் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆனால் மக்களவையில் அவர் கேட்க முடிவது மத்திய அரசு பதில் சொல்ல வேண்டிய விஷயங்களை மட்டும்தான். ரேஷன் அட்டை, பட்டா, டவுன் பஸ் எல்லாம் மாநில அரசின் வேலை. அதற்கு எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், பாஸ்போர்ட், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள், இவை எம்.பி.க்கு உரியவை.

மீன்பிடித் தொழில் மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கி.மீ.) வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதைத் தாண்டினால் மத்திய அரசின் பொறுப்பு. தனுஷ்கோடிப் பக்கமோ அவ்வளவு தூரம் போவதற்குள் இலங்கை எல்லைக் கோடே வந்துவிடும். ஆகவே இறங்குதளம் வேண்டும், தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கும் கல் தடுப்பு) வேண்டும் என்றால் மனு முதலில் சென்னைக்கு. யாழ்ப்பாணச் சிறையில் மகன் இருக்கிறான் என்றால் டெல்லிக்கு.

அவையில் எழுந்து பேசினாலே போதாதா?

போதாது. நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். எம்.பி. ஆவேசமாகப் பேசிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். பதில் என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பேசுவதற்குப் பல வழிகள் உண்டு. அரசு பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அந்த எல்லா வழியிலும் ஒரே மாதிரி இல்லை.

எந்த வழியில் பதில் உறுதி?

கேள்வி நேரத்தில். காலை 11 மணிக்குத் தொடங்கும் இந்த ஒரு மணி நேரத்துக்காகக் குறைந்தது 15 நாள் முன்பே எழுத்தில் கேள்வி கொடுத்திருக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி (அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டியது) ஒரு நாளைக்கு 20தான். எழுத்துப் பதில் மட்டும் வரும் கேள்விகள் 230 வரை. கொடுப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். நட்சத்திரக் கேள்வி கிடைத்தால் ஒரு லாபம் உண்டு. அமைச்சர் மழுப்பினால் அங்கேயே துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். ஆனால் பட்டியலில் பின்னால் இருந்தால் நேரம் முடிந்துவிடும். அப்போது எழுத்துப் பதில்தான்.

அடுத்தது, 12 மணிக்குத் தொடங்கும் பூஜ்ய நேரம் (அவசர விஷயங்களைச் சுருக்கமாக எழுப்பும் நேரம்). அன்று காலை 10 மணிக்குள் எம்.பி. நோட்டீஸ் கொடுத்தால் போதும். நேற்றிரவு படகு பிடிபட்டது என்றால் இதுதான் வழி. அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை.

மூன்றாவது, விதி 377. 250 சொற்களுக்குள் ஒரு குறிப்பு. உறுப்பினர் அதை அவையில் வாசிக்கிறார் அல்லது எழுத்தாகச் சமர்ப்பிக்கிறார். அமைச்சகம் பிறகு அவருக்குக் கடிதத்தில் பதில் அனுப்பும். ரயில் நிறுத்தம் போன்ற ஊர்க் கோரிக்கைக்குப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எம்.பி.க்கு இந்தி, ஆங்கிலம் வராவிட்டால்? தமிழிலேயே பேசலாம், அவையில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. பேசியதற்காக நீதிமன்றத்துக்கு இழுப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். அவைக்குள் பேசும் பேச்சுக்கு அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது.

கிராமத்து எம்.பி. வெளிநாட்டு விவகாரம் பேசினால் யார் கேட்பார்கள்?

கேட்க வைத்த சம்பவங்கள் உண்டு, தோற்ற சம்பவங்களும் உண்டு. தோற்றதற்கு ஓர் எடுத்துக்காட்டு கச்சத்தீவு. கச்சத்தீவு இலங்கை எல்லைக்குள் போக வழிசெய்த ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தானது. அடுத்த மாதம் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் ராமநாதபுரம் எம்.பி. பி.கே.மூக்கையாத் தேவரும் ஒருவர். ஆனாலும் ஒப்பந்தத்தைத் தடுக்க முடியவில்லை. பொதுவாக இங்கே வெளிநாட்டு ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டியதில்லை. 1976இல் இரு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டு, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தன. அப்போது நெருக்கடி நிலைக் காலம். ஆனால் 1974இல் எதிர்த்துப் பேசியவர்களின் பேச்சு அவைக் குறிப்பில் இருக்கிறது. இன்று கச்சத்தீவு பற்றி வாதாடுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

அப்படியானால் என்ன கேட்டால் பலன் கிடைக்கும்?

குறிப்பாகக் கேட்டால். "எங்கள் மீனவர்களைக் காப்பாற்ற அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்றால், "அரசு மிகுந்த முக்கியத்துவம் அளிக்கிறது" என்ற பதில் வரும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: (அ) கடந்த ஓராண்டில் பிடிபட்ட தமிழகப் படகுகள் எத்தனை, (ஆ) திரும்பி வந்தவை எத்தனை, (இ) தண்டத் தொகை கட்ட முடியாமல் சிறையில் இருப்பவர்களுக்குத் தூதரகம் கொடுத்த சட்ட உதவி என்ன, (ஈ) இரு நாட்டு மீன்வளக் கூட்டுக் குழு கடைசியாக எப்போது கூடியது. பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒட்டுமொத்தமாக வந்தால் உஷாராகுங்கள். நான்குக்கும் சேர்த்து ஒரே பத்தி எழுதி, கஷ்டமான ஒன்றை நைசாகக் கடந்துவிடுவார்கள். விடுபட்டது எது என்று பார்த்து, அதை மட்டும் அடுத்த முறை கேட்கச் சொல்லுங்கள்.

அளவு முக்கியம். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகப் பேசும் கேள்வியும், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றிய கேள்வியும் ஏற்கப்படாது. கோபத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, எண்ணிக்கையைக் கேள்விக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். நம் விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) தங்கள் வலையை அறுக்கிறது, மீன்வளத்தை அழிக்கிறது என்பது அவர்கள் குறை. இலங்கை 2017இல் அந்த வலையைச் சட்டம் போட்டே தடை செய்தது. இந்தப் பக்கத்தைத் தொடாமல் பேசுகிற எம்.பி.க்குக் கைதட்டல் கிடைக்கும். அமைச்சகத்திடமிருந்து பழைய பதில்தான் கிடைக்கும். இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போக நினைக்கும் படகுக்காரருக்கு மானியம் எவ்வளவு, இதுவரை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்பவர்தான் உண்மையில் உங்களுக்காகக் கேட்கிறார்.

மனுவில் என்ன எழுதிக் கொடுப்பது?

எம்.பி. அலுவலகத்தில் இருப்பவர் உங்கள் மனுவிலிருந்தே கேள்வியை எழுத முடிய வேண்டும். சிறைப்பட்டவர் விஷயமென்றால் பெயர், ஊர், மீனவர் அடையாள அட்டை எண், படகின் பதிவு எண், கடலுக்குப் போன தேதி, அன்று வாங்கிய அனுமதி டோக்கனின் நகல், பிடிபட்ட தேதி, இப்போது இருக்கும் சிறை, இவ்வளவும் ஒரே தாளில் வரட்டும். எம்.பி.யின் குரலுக்குக் காத்திருக்காமல், அதே தாளை மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கொடுங்கள். அங்கிருந்து மாநில அரசு வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கும், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தகவல் போகும்.

ரயில் விஷயமென்றால் வண்டி எண், நேரம், பக்கத்து நிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர், யாருக்கு நஷ்டம் என்று எழுதுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. அந்த இடைக்காலத்தில் ராமேசுவரம் வரை வராத வண்டியால் தினமும் பேருந்து மாறிய மாணவர் எத்தனை பேர், ஐஸ் பெட்டி மீன் எப்படிப் போனது என்ற விவரமே மக்களவைக் கேள்விக்கு ஏற்றது. "மக்கள் அவதி" என்ற சொல் எல்லா மனுவிலும் இருக்கிறது.

பதில் வந்த பிறகு?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் கேள்வியின் தேதியும் எண்ணும் இருந்தால் பதிலை எடுத்துவிடலாம். எம்.பி. அலுவலகத்தில் அந்த இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலில் "பரிசீலிக்கப்படும்", "விவரம் சேகரிக்கப்படுகிறது" போன்ற வார்த்தைகள் இருந்தால் அது வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்க, மக்களவையில் அரசு வாக்குறுதிகளுக்கான குழு ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் ஆனதும் எம்.பி. அலுவலகத்துக்கு அந்த எண்ணைச் சொல்லி, குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, காலம் பார்த்துப் போங்கள். அவை ஆண்டு முழுவதும் கூடுவதில்லை. வழக்கமாக பட்ஜெட் கூட்டம் ஜனவரிக் கடைசியிலும், மழைக்காலக் கூட்டம் ஜூலையிலும், குளிர்காலக் கூட்டம் நவம்பர், டிசம்பரிலும் தொடங்கும். கேள்வி 15 நாள் முன்பே போக வேண்டும் என்பதால், கூட்டம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே மனு அவர் கையில் இருக்கட்டும்.