மருந்தும் துண்டும்: வெளிநாடு செல்லும் மலையகத் தொழிலாளி பற்றிய ஒரு நோக்கு

நோயாளி ஒருவர் தமது நாட்டில் வைத்தியரின் பணிப்பின்படி சட்டபூர்வமாகப் பெற்று உட்கொள்ளும் மருந்து, அவர் நாட்டெல்லையைக் கடந்ததும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடுதல் கூடும். குளிசையின் இரசாயன அமைப்பு எவ்வித மாற்றமும் அடைவதில்லை. கொழும்பிலே அது எதுவோ, டுபாயிலும் அதுவே. மாறுவது, அதனை வைத்திருப்பவருக்கும் அரசுக்கும் இடையிலான உறவேயாகும். ஒரு பொருள் மருந்தா, போதைப்பொருளா என்பதை அதன் இயல்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அதனுடன் செல்லும் எழுத்தாவணமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. இது விமானப் பயணம் செய்யும் அனைவர்க்கும் பொதுவான நிலை. எனினும் அதன் சுமை அனைவர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. ஹற்றன், நுவரெலியா முதலாய தேயிலைப் பிரதேசங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்வோரை மையமாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டத்தின் அமைப்பு

மருந்துக் கட்டுப்பாட்டின் வரலாறு தேயிலையின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்தது என்பது மலையகத்தவர் மனங்கொள்ளத்தக்கது. சீனத் தேயிலைக்கு விலையாக வெள்ளியைக் கொடுக்க விரும்பாத பிரித்தானிய வணிகம், இந்தியாவில் விளைவித்த அபினைச் சீனாவினுட் செலுத்தியது. அதனைத் தடுக்க முற்பட்ட சீன அரசின்மீது 1839 முதல் 1842 வரையும், 1856 முதல் 1860 வரையும் இரு யுத்தங்கள் தொடுக்கப்பட்டன. பின்னர் அதே ஏகாதிபத்தியம் அசாமிலும் இலங்கை மலைநாட்டிலும் தேயிலையைத் தானே பயிரிட்டுக்கொண்டது. அபினைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1912ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கைச்சாத்தானது. அவ்வழி வந்தனவே இன்று நடைமுறையிலுள்ள இரு பெரும் உடன்படிக்கைகள். 1961ஆம் ஆண்டின் உடன்படிக்கை அபின், மோர்பின், கோடீன் போன்றவற்றையும், 1971ஆம் ஆண்டின் உடன்படிக்கை உளநிலையைப் பாதிக்கும் மருந்துகளையும் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்துகின்றன.

இப்பட்டியல்களில் இடம்பெறுவன யாவும் தீய பொருள்களல்ல. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பீனோபாபிற்றோன் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையின் நான்காம் பட்டியலிலே உள்ளது. பதற்றத்துக்கும் உறக்கமின்மைக்கும் கொடுக்கப்படும் டயஸிபாம், வலிப்புக்குக் கொடுக்கப்படும் குளோனஸிபாம் ஆகியன 1984ஆம் ஆண்டில் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பயணி ஒருவர் தமது சொந்த உபயோகத்துக்கு இத்தகைய மருந்துகளைச் சிறிதளவு எடுத்துச் செல்வதை அவ்வுடன்படிக்கையின் நான்காம் உறுப்புரை அனுமதிக்க இடமளிக்கின்றது. ஆனால் அம்மருந்து சட்டபூர்வமாகப் பெறப்பட்டதுதானா என்பதில் திருப்தியடையும் உரிமையை அதே உறுப்புரை ஒவ்வோர் அரசுக்கும் வழங்குகின்றது. நமது கவனத்துக்குரியது இந்த இரண்டாம் பகுதியேயாகும். அரசைத் திருப்திப்படுத்துவது நோயாளியின் நோயன்று. அவர் காட்டும் காகிதமே.

சர்வதேசப் பட்டியலுக்கு அப்பாலும் அரசுகள் தத்தம் கட்டுப்பாடுகளை விதித்துக்கொள்கின்றன. நோவுக்குக் கொடுக்கப்படும் ட்ரமடோல் எந்தச் சர்வதேசப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் எகிப்திலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் அது கடும் கட்டுப்பாட்டுக்குட்பட்டது. நரம்பு நோவுக்கான பிறிகபாலினும் வளைகுடா நாடுகள் சிலவற்றில் அவ்வாறே. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 1995ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் நீக்கப்பட்டு 2021ஆம் ஆண்டிற் புதிய சட்டம் ஆக்கப்பட்ட பின்னரும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைக் கொண்டுவரும் பயணி இணையவழியாக முன்னனுமதி பெறவேண்டும் என்ற நியதி நிலைத்துள்ளது.

நாட்டு மருந்துகளின் நிலையும் இதுவே. கஞ்சா சேர்ந்த லேகியங்கள் சில இலங்கையின் ஆயுர்வேத மரபிற் சட்டத்துக்குட்பட்டே தயாரிக்கப்படுகின்றன. வளைகுடா விமான நிலையத்தில் அதே லேகியம் கஞ்சாவாகவே கொள்ளப்படும். கசகசாவும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் அப்பெயர் அபினிச் செடியின் விதையைச் சுட்டும். அது ஐக்கிய அரபு இராச்சியத்திலே தடைசெய்யப்பட்டது. இலங்கையிலோ சர்பத்தில் இடப்படும் துளசியினத்து விதையையே அப்பெயராற் குறிக்கின்றோம். பெயரொன்று, பொருளிரண்டு, இவ்வேறுபாட்டைச் சுங்க அதிகாரி அறிந்திருப்பார் என்று எதிர்பார்த்தல் இயலாது.

2. ஒரு வகைமாதிரி

இலக்கியத் திறனாய்வில் வகைமாதிரி என்றொரு கருத்துண்டு. ஒரு தனிமனிதரின் வாழ்வில் ஒரு சமூகப் பிரிவினரின் நிலைமை முழுவதும் திரண்டு வெளிப்படுவதை அது குறிக்கும். அம்முறையிலே டிக்கோயாவை அண்டிய தோட்டமொன்றைச் சேர்ந்த பெண்ணொருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்குச் சிறுவயது முதல் வலிப்பு உண்டு. மாதந்தோறும் ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிக் கிளங்கன் வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்று பீனோபாபிற்றோன் பெறுகின்றாள். அதனை உட்கொள்ளும்வரை வலிப்பு வருவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் லயத்துக் கூரைக்கும் கொழுந்துச் சம்பளம் போதாமையால் வளைகுடா செல்லத் தீர்மானிக்கின்றாள்.

அவளிடம் உள்ளவை எவை? மருந்தகத்தில் எண்ணிப் போடப்பட்ட குளிசைகள் கொண்ட காகித உறை. ஆங்கிலத்தில் அவசரக் கையெழுத்தில் எழுதப்பட்ட கிளினிக் கொப்பி. தான் உட்கொள்வது ‘வலிப்புக் குளிசை’ என்பதே அவள் அறிந்தது. மருந்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எவரும் கருதியதுமில்லை. தான் பறிக்கும் கொழுந்து எந்தச் சந்தையில் என்ன பெயரில் விலைபோகின்றது என்பதை அறியாதவள், தன்னுடலினுட் செல்லும் பொருளின் பெயரையும் அறியாதிருக்கின்றாள். அந்நியமாதல் உற்பத்தியோடு நின்றுவிடுவதில்லை.

அவள்முன் மூன்று வழிகள் உள்ளன. நோயை மறைத்துக் காகித உறையைக் கைப்பையிலிட்டுச் செல்லலாம்; பிடிபட்டால் பெயரற்ற குளிசைகள் போதைப்பொருளெனக் கொள்ளப்படும். நோயை வெளிப்படுத்தலாம், நரம்பு நோயுடையோரைத் தகுதியற்றோரெனக் கொள்ளும் வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் வேலைவாய்ப்பே கைநழுவும். மருந்தை வீட்டில் விட்டுச் செல்லலாம். மூன்றாவது வழியே பாதுகாப்பானதென முதற்பார்வையில் தோன்றும். உண்மையில் அதுவே உயிராபத்து மிக்கது. பல்லாண்டு உட்கொண்ட பீனோபாபிற்றோனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். ஒன்றன்பின் ஒன்றாக ஓயாது தொடர்ந்து மரணத்தில் முடிதலும் கூடும். அந்நிய வீட்டின் அடுப்படியிலோ, மாடிச் சாளரத்தைத் துடைக்கும்போதோ அது நிகழுமாயின், விபத்து என்றே பதிவாகும்.

ஈண்டு இன்னொரு முரண்பாடும் அவதானிக்கத்தக்கது. பீனோபாபிற்றோன் 1912ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள, விலை மிகக் குறைந்த மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெறுவது. வறிய நாடுகளின் வலிப்பு நோயாளரைக் காத்துவருவது அதுவே. லெவெற்றிரஸிற்றம் போன்ற புதிய, விலைகூடிய மருந்துகள் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டனவல்ல. மலிவான மருந்து எல்லாமே கட்டுப்படுத்தப்பட்டது என்று கூறுவது பொருந்தாது. காபமஸிபீன் மலிவானது, சர்வதேசப் பட்டியலிலும் இல்லாதது. ஆயினும் ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் வைத்தியரின் கண்காணிப்பில் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நடைபெறவேண்டியது. முகவர் நிர்ணயிக்கும் புறப்படும் நாளுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

3. துண்டின் வரலாறு

எழுத்தாவணம் ஒன்றினால் உழைப்பாளியின் நடமாட்டம் தீர்மானிக்கப்படுதல் மலையகத்துக்குப் புதியதன்று. தோட்டத்துக்குரிய கடன் தீர்க்கப்படின் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிக்கச் சம்மதிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. தொழிலாளியின் கடன் அவர்களோடு தோட்டம் தோட்டமாகக் கைமாறியது. அம்முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை வழியினர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத லயங்களில் வாழ்ந்தோரிடம் அச்சான்று இருக்கவில்லை, இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னரும் எஞ்சிய இந்நிலை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வைத்தியசாலையிலும் நாம் துண்டு என்ற சொல்லையே வழங்குகின்றோம். சிங்களத்தில் மருந்துச் சீட்டைக் குறிக்கும் ‘பெஹெத் துண்டுவ’ என்ற தொடரிலும் இச்சொல்லே உறைகின்றது. சொல்லின் இத்தொடர்ச்சி தற்செயலானதன்று. கையில் உழைப்பையன்றி வேறெதுவுமில்லாதவர், தாம் யார், எங்கிருந்து வருகின்றார், தம் கையிலுள்ளது யாது என்பதைப் பிறர் எழுதிக்கொடுத்த தாளினாலேயே நிறுவவேண்டியுள்ளது. அத்தாளிலும் பிழைகள் மலிந்துள்ளன. தோட்டத்துச் செக்றோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் மற்றொன்று என்பது மலையகக் குடும்பங்களின் நித்திய அனுபவம். கிளினிக் கொப்பியிலுள்ள பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தாவிடின், மெய்யான மருந்துச் சீட்டும் பிறருடையதெனச் சந்தேகிக்கப்படும்.

4. சட்டத்தின் சமத்துவமும் வர்க்க நிலையும்

2015ஆம் ஆண்டில் ஜப்பானிய மோட்டார் நிறுவனமொன்றின் அமெரிக்க உயரதிகாரி ஒருவர், ஒக்ஸிகோடோன் மாத்திரைகளை அந்நாட்டுக்கு அஞ்சலில் வருவித்த சந்தேகத்தின்பேரில் டோக்கியோவிற் கைதானார். ஏறத்தாழ மூன்று வாரங்களின் பின்னர் வழக்கேதுமின்றி விடுவிக்கப்பட்டார். பதவியை மாத்திரம் இழந்தார். 2017ஆம் ஆண்டிற் பிரித்தானியாவைச் சேர்ந்த கடை ஊழியப் பெண்ணொருவர், முதுகுவலியால் வருந்திய தம் துணைவருக்கென 290 ட்ரமடோல் மாத்திரைகளை எகிப்துக்குக் கொண்டுசென்றமைக்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இரண்டும் வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு சட்டங்கள். எனவே முடிவுகளின் வேறுபாட்டை வர்க்கத்தின் மீது மாத்திரம் ஏற்றிவிட முடியாது. எனினும் நிறுவனத்தின் செல்வாக்கும் தேர்ந்த சட்டத்தரணிகளும் பின்னே நிற்பவர் ஒரு நிலையிலும், குடும்பத்தின் கண்ணீர் மாத்திரம் துணையாக உள்ளவர் மற்றொரு நிலையிலும் சட்டத்தை எதிர்கொள்கின்றனர் என்பது வெளிப்படை.

வீட்டுப் பணிப்பெண் இவ்விருவரிலும் தாழ்ந்த நிலையிலுள்ளவள். கபாலா முறையின்கீழ் அவளது வதிவுரிமை எசமானரோடு பிணைக்கப்பட்டுள்ளது. விமான நிலையத்தைக் கடந்துவிட்டாலும் கொண்டுசென்ற மருந்து தீரும் நாள் வரும். அன்று வைத்தியரைக் காண எசமானரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்பதற்கு மறைத்த நோயை வெளிப்படுத்த வேண்டும். அவள் அனுப்பும் பணத்தைத் தேசியப் பொருளாதாரத்தின் முதுகெலும்பெனப் போற்றும் அரசு, அவள் உடலின் பொறுப்பை அவளிடமே விட்டுவிடுகின்றது.

5. செய்யத்தக்கவை

இன்றைய நிலையிற் பயணி தாமே செய்துகொள்ள வேண்டியவை சில உள. புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே கிளினிக் வைத்தியரிடம் பயணத்தைத் தெரிவித்தல் வேண்டும். செல்லும் நாட்டிற் கட்டுப்பாடற்ற மருந்துக்கு மாற இயலுமா என்பதை அவரே தீர்மானிப்பார். மருந்தின் பொதுப்பெயர், அளவு, நோய், மொத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தட்டச்சில் ஆங்கிலத்திற் குறித்து, கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் பெறல் வேண்டும். அதிலுள்ள பெயர் கடவுச்சீட்டிலுள்ளவாறே அமைதல் வேண்டும். குளிசைகளைக் காகித உறையிலன்றி உற்பத்தியாளரின் பொதியிலேயே, கூடியது முப்பது நாளுக்குரிய அளவாகக் கைப்பையில் வைத்திருத்தல் நன்று. முன்னனுமதி வேண்டும் நாடாயின் அது கிடைக்கும்வரை பயணப்படலாகாது. ‘அங்க இருக்கிற என் மகளுக்கு இந்த மருந்தைக் குடுத்திரு தங்கச்சி’ என்று பக்கத்து லயத்து அக்கா தரும் பொட்டலத்தை ஏற்காதிருத்தல் இரக்கமின்மையாகாது. எகிப்தில் நிகழ்ந்தது அத்தகைய இரக்கத்தின் விளைவே. எல்லாவற்றுக்கும் மேலாக, எக்காரணம் கொண்டும் மருந்தைத் தானாக நிறுத்தலாகாது.

ஆயினும் தனிமனித எச்சரிக்கையை மாத்திரம் போதிப்பது, சமூகப் பிரச்சினையைத் தொழிலாளியின் அறியாமையாகச் சுருக்குவதாகும். 1985ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சியில் மருந்து பற்றிய விளக்கம் தமிழில் இடம்பெறுதல் வேண்டும். அரசாங்கக் கிளினிக்குகள், வெளிநாடு செல்லும் நோயாளிக்கு உரிய சான்றுக் கடிதத்தைக் கேளாமலே வழங்குதல் வேண்டும். நாடுகளுக்கிடையிலான தொழில் உடன்படிக்கைகளில், கட்டுப்பாட்டிலுள்ள நோயினைக் காரணங்காட்டி வேலை மறுக்கப்படாமையும், சென்ற நாட்டிற் சிகிச்சை தொடர்வதும் நிபந்தனைகளாதல் வேண்டும். ஹற்றனைத் தளமாகக் கொண்ட தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் போராடிப் பழகியவை. தோட்டத்தின் எல்லையைத் தாண்டிச் சென்ற தொழிலாளியும் தம் உறுப்பினரே என அவை கருதுமாயின், இக்கோரிக்கைகளை முன்வைக்கும் வலிமை அவற்றுக்கு உண்டு.

துண்டு முறை, துண்டை எழுதிய துரைமாரின் கருணையால் ஒழியவில்லை. அதன் அநீதி உணரப்பட்டு எதிர்க்கப்பட்டமையாலேயே ஒழிந்தது. தான் உட்கொள்ளும் மருந்தின் பெயரைத் தன் மொழியில் அறிவதும், அதற்குரிய சான்றை உரிமையோடு கேட்டுப் பெறுவதும் அத்தகைய எதிர்ப்பின் முதற்படியெனலாம். அடுத்த கிளினிக் நாளிலேயே அதனைத் தொடங்குதல் இயலும்.