தந்தையில்லாப் பிறவிகள்

திருப்பூரில் பனியனைப் பற்றிப் பேசாதவரைக் காண்பது அரிது. ஆனால் அந்தப் பனியனுக்கு நூலாகும் பருத்திச் செடியின் இலையடியில் நடைபெறும் ஒரு வியப்பைப் பலர் அறியார். அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் இளமையில் பல்லடத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் பருத்தி பயிரிட்டிருந்தோம். ஓராண்டு, வெடித்த காய்களின் பஞ்சு விரலில் பிசுபிசுவென ஒட்டிற்று. இலைகள் சுருண்டு, கரி பூசினாற்போல் கறுத்திருந்தன. "அசுவினி விழுந்துவிட்டது" என்றார் தந்தையார். செடியின் சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சிகள் இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. அக்கழிவு படிந்த பஞ்சு நூற்பாலையின் உருளைகளில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும், இழை அறும். ஆகவே பஞ்சு வாங்க வந்தவர் விலையைக் குறைத்தார். மருந்து தெளித்தோம். சில நாட்கள் அமைதி; பின்னர் முன்னிலும் மிகுதியாக அசுவினி வந்தது. தப்பிய சில பூச்சிகள் இவ்வளவு விரைவில் எவ்வாறு பெருகின?

விடை 1740-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. ஜெனிவா நகரத்து இளைஞர் சார்லஸ் பொன்னே, அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியைத் தனியே அடைத்து, நாள்தோறும் கவனித்து வந்தார். ஆணின் முகத்தையே காணாத அது 95 குட்டிகளை ஈன்றது! இதனைக் கன்னி இனப்பெருக்கம் என்பர். ஹைட்ரா தன் உடலில் அரும்பு விட்டுப் பெருகுவது பாலிலா இனப்பெருக்கம். இங்கோ முட்டை உண்டு; அது ஆணணு சேராமலேயே கருவாகிறது. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் ஆண் அசுவினிகளும் தோன்றும். நம் வெப்ப நாட்டிலோ பருத்தி அசுவினி ஆண்டு முழுவதும் பெண்களாலேயே பெருகுகிறது. பிறந்த குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே தாயாகிவிடும்.

பூச்சிக்கு மட்டுந்தானா இவ்வாற்றல்? பூந்தொட்டியைப் பெயர்த்தால் மண்புழுவைப் போல நெளியும் சிறு குருட்டுப் பாம்பைக் கண்டிருப்பீர்கள். அவ்வினத்தில் அறியப்பட்டவை யாவும் பெண்களே. தொட்டி மண்ணோடு ஒன்று கடல் கடந்தாலும் போதும், புதிய நாட்டில் குடும்பம் பெருகிவிடும்.

சுறாவும் இக்கூட்டத்தில் சேர்ந்தது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒமாகா நகர விலங்குக் காட்சிசாலையில், ஆணே இல்லாத தொட்டியில், சுத்தியல் போன்ற தலையுடைய சுறாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் குட்டி பிறந்தது. தாய் முன்னொரு நாள் பெற்ற ஆணணுவைச் சேமித்து வைத்திருக்கலாம் என்று முதலில் ஐயுற்றனர். மரபணுக்களை ஆராய்ந்தபோது தந்தையின் சுவடே இல்லை எனத் தெரிந்தது. 2007-இல் அம்முடிவு வெளியாயிற்று. முட்டை உருவாகும்போது ஒதுக்கப்படும் சிறு அணு ஒன்று, ஆணணுவின் இடத்தில் முட்டையோடு இணைந்துவிடுகிறது என்பது அறிஞர் விளக்கம். பாலூட்டிகளிலோ சில மரபணுக்கள் தந்தைவழி வந்தால்தான் இயங்கும். ஆதலால் இயற்கையில் அவற்றுக்கு இவ்வழி அடைபட்டிருக்கிறது.

இவ்வழியில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. துணை தேடும் காலம் மிச்சம். ஆயின் அசுவினியின் மகள் தாயின் நேர்ப்படி. சுறாக் குட்டியோ தாயின் மரபு வேறுபாட்டிலும் ஒரு பகுதியை இழந்து பிறக்கிறது. வேறுபாடு குறைந்த கூட்டத்தை ஒரே நோய் அழித்துவிடக் கூடும். அதே சமயம், நஞ்சைத் தாங்கும் ஓர் அசுவினி தப்பினால், அதன் மகளிர் அனைவரும் நஞ்சைத் தாங்குவர்.

எங்கள் தோட்டத்தில் நாங்கள் செய்த பிழை இப்போது விளங்குகிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளையும் அம்மருந்து கொன்றுவிட்டது. பொறிவண்டு மீண்டும் பெருக ஆணும் பெண்ணும் வேண்டும், காலமும் வேண்டும். அசுவினிக்கோ ஒன்றே போதும். மாணவ நண்பர்களே, அடுத்த முறை தோட்டத்துப் பக்கம் சென்றால் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியைக் காண்பீர்கள். அருகில் பொறிவண்டும் இருந்தால், மருந்துத் தெளிப்பானை எடுக்குமுன் சற்றுப் பொறுக்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள்.