சுவருக்குள் பதுங்கும் "ஆவி"! வீட்டு நீராவிக் குளியலில் யாரும் கவனிக்காத குழாய்

சென்னையில் சில பங்களாக்களுக்குள் "ஆவி" புகுந்துவிட்டது!

பயப்படாதீங்க. பேய், பிசாசு இல்லை. நீராவி!

ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களில் மட்டும் இருந்த நீராவிக் குளியல், இப்போது வசதியானவர்களின் வீட்டுக் குளியலறைக்கே வந்துவிட்டது. ஒரு மூலையில் ஆவி மெஷின். அங்கிருந்து சுவர் வழியாக ஒரு செம்புக் குழாய். குளியலறைக்குள் ஆவி வரும் வாய். அவ்வளவுதான் சங்கதி.

கண்ணாடிக் கதவு, பளபள டைல்ஸ், கலர் விளக்கு என்று பணம் தண்ணீராய் ஓடுகிறது. ஆனால் ஆவி வரும் குழாயை யாரும் கேட்பதில்லை. சுவருக்குள் போவதுதானே, எவன் பார்க்கப்போகிறான் என்று வெறுங்குழாயாக வைத்துப் பூசி விடுகிறார்கள்.

அங்கேதான் வம்பு!

வெந்நீர் வேறு, ஆவி வேறு

இட்லிப் பானையை அவசரமாகத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கொதிக்கிற தண்ணீர் ஒரு கிராம், உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது 63 கலோரி வெப்பத்தை விடும். அதே ஒரு கிராம் ஆவி, தண்ணீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடும். 63 அதற்கு மேல் தனி!

இந்த ஆவி ஓடும் செம்புக் குழாயும் ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் இருக்கும். லாப்டிலோ, மெஷின் அறையிலோ வெளியே தெரிகிற இடத்தில் கை பட்டால் போச்சு. தொட்ட உடனே தோல் வெந்துவிடும்.

ஒரு டம்ளர் கொதிநீர்

மூடாத அரை இஞ்சுக் குழாய், ஒரு மீட்டருக்குச் சுமார் 40 வாட் வெப்பத்தை வெளியே விடும். 5 மீட்டர் குழாய் என்றால் 200 வாட். கரண்ட் கணக்கில் இது பெரிய நஷ்டம் இல்லை. 6 கிலோவாட் மெஷின் அரை மணி நேரம் ஓடினாலே 3 யூனிட் ஆகிவிடுகிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெப்பம் போனால் ஆவி தண்ணீராகிவிடும். அந்த 5 மீட்டர் குழாயில் அரை மணி நேரத்தில் சுமார் 160 மில்லி, அதாவது ஒரு டம்ளர் கொதிநீர் சேரும்!

குழாய் நடுவில் தொங்கலாக இருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். பின்னால் வரும் ஆவி அதைத் தள்ளிக்கொண்டு வந்து வாய் வழியாகத் துப்பும். ஆவி வாயைப் பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் வைக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கணுக்கால். தவழும் குழந்தைக்கு முகம்!

டைல்சும் ஒயரும்

செம்பு சூடானால் நீளும். 5 மீட்டர் குழாய் சுமார் 6 மில்லி மீட்டர் நீளும். சிமெண்டு வைத்து இறுக்கிவிட்டால் எங்கே போகும்? சுவர் விரியும், டைல்ஸ் பெயரும்.

வீட்டு ஒயர் மேல் உள்ள பி.வி.சி. உறை சாதாரணமாக 70 டிகிரிக்குத்தான் கணக்கு. பக்கத்தில் 100 டிகிரி குழாய் உரசிக்கொண்டு போனால், உறை நாளாவட்டத்தில் பாழாகும். ஈரக் குளியலறையில் ஷாக் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேணும்?

எதைச் சுற்றலாம்?

கண்ணாடிப் பஞ்சு எனப்படும் கிளாஸ் உல், அல்லது ராக் உல். ஒரு இஞ்சு கனம் போதும். வெப்ப நஷ்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும். மேலே அலுமினியத் தாள் சுற்றி டேப் போட்டு மூட வேண்டும். பஞ்சு நனைந்தால் உதவாது. முழங்கை வளைவு, ஜாயிண்டு எதையும் விடக்கூடாது. சுற்றுகிறவர் கையுறை, முகமூடி போட்டுக்கொள்ளணும். இல்லாவிட்டால் அரிப்பு தாங்காது.

மலிவு என்று பாலித்தீன் நுரைக் குழாயை மாட்டாதீங்க. இந்தச் சூட்டுக்கு அது இளகிவிடும்.

கல்நார்க் கயிறு வேண்டவே வேண்டாம்! ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலில் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். கல்நார்த் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நோய் அவ்வளவு காலம் பதுங்கியிருக்கும்! வீட்டுக்காரருக்கு அது ஒரு கயிறு. தினமும் அறுத்துச் சுற்றும் பிளம்பருக்கு அது உயிர்.

டைல்ஸ் ஒட்டும் முன்...

* குழாய் செம்பா? வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. 93 டிகிரி வரைதான் தாங்கும். ஆவிக்கு ஆகாது.

* அடிக்குக் கால் இஞ்சு வாட்டம் இருக்கிறதா? எங்கும் தொங்கல் கூடாது.

* நடுவில் வால்வு இருக்கிறதா? இருந்தால் கழற்றச் சொல்லுங்க. மூடிக்கிடக்கும்போது மெஷினைப் போட்டால் அழுத்தம் ஏறிவிடும்.

* சுவரை மூடும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீங்களா? குழாய் போகும் பாதையைப் போட்டோ பிடித்து வையுங்க. நாளை ஆணி அடிக்கும்போது உதவும்.

சுட்டுவிட்டால்?

பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்க. வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. காயம் பெரிதாக இருந்தாலோ, குழந்தைக்கு முகத்தில் பட்டாலோ 108-க்குப் போன் போடுங்க. கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

லட்சக்கணக்கில் செலவழித்துக் குளியலறை கட்டுகிறவர்கள், குழாய் மேல் சுற்றும் பஞ்சில் மிச்சம் பிடிக்க வேண்டாம்!