வீழ்ந்தோர் குரல்

தமிழில் பரணி என்னும் பிரபந்தம் தோற்றவர் பெயரால் வழங்குவது. கலிங்கத்துப்பரணி என்கிறோம், ஆயினும் அதனுள் ஓங்கி ஒலிப்பது வென்ற சோழனின் புகழே. பெயர் தோற்றவருடையது, புகழ் வென்றவருடையது. இக்காலப் போர்ச் செய்திகளும் பெரும்பாலும் இத்தகைய பரணிகளே என்பதற்கு ஹிரோஷிமா தக்க சான்றாகும்.

1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி அந்நகர்மீது குண்டு வீழ்ந்தது. அஃது அணுக்குண்டு என்பதை, 16 மணி நேரத்தின் பின் வெளியான அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் அறிக்கை வாயிலாகவே உலகு அறிந்தது. ஹிரோஷிமா முக்கியமானதோர் இராணுவத் தளம் என்றது அவ்வறிக்கை. குண்டின் வலிமையை வெடிமருந்துக் கணக்கிற் கூறியது. அந்நகரில் வாழ்ந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

செப்டெம்பர் தொடக்கத்தில் வில்பிரட் பேர்ச்செற் என்னும் அவுஸ்திரேலிய நிருபர், அதிகாரிகளின் அனுமதியின்றித் தனியே புகையிரதமேறி அங்குச் சென்றார். காயமின்றித் தப்பியவரும் இன்னதென அறியாத நோயால் மடிவதை மருத்துவமனையிற் கண்டு எழுதினார். லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' 5ஆம் திகதி அதனை வெளியிட்டது. அமெரிக்க அதிகாரிகள் மறுத்தனர். அம்மறுப்பை 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய வில்லியம் லோரன்ஸ், அணுக்குண்டுத் திட்டத்திற்காக யுத்த இலாகாவிற் பணியாற்றியவர். நாகசாகியின் அழிவை விமானத்திலிருந்து கண்டவர். மேலிருந்து பார்த்தவரின் சொல் எடுபட்டது. கீழே கிடந்தவரின் சொல் ஐயத்துக்குள்ளாயிற்று. அதே மாதத்தில் யப்பானியப் பத்திரிகைகள் ஆக்கிரமிப்புப் படையினரின் தணிக்கைக்கு உட்பட்டன. நொந்தவர் தம் நோவைத் தாய்மொழியிற் சொல்லவும் தடை வந்தது.

ஓராண்டு கழிந்தது. 1946 ஆகஸ்ட் 31ஆம் திகதியிட்ட 'நியூயோர்க்கர்' இதழ் முழுவதையும் ஜோன் ஹேர்சியின் கட்டுரை ஒன்றே நிரப்பியது. மருத்துவர் இருவர், சமயகுருமார் இருவர், எழுதுவினைப் பெண் ஒருத்தி, தையற்காரரின் கைம்பெண் ஒருத்தி ஆகிய அறுவர் கண்டதும் பட்டதுமே அதன் பொருள். அதுவரை கணக்காயிருந்தவர் அதில் மனிதராயினர்.

ஆயினும் அவ்வறுவருள் கொரியர் எவரும் இலர். யப்பானிய ஆட்சியின்கீழ் அந்நகரில் வாழ்ந்த கொரியர் ஆயிரக்கணக்கானோர் அக்குண்டுக்கு இரையாயினர். கட்டாய உழைப்புக்குக் கொணரப்பட்டோரும் அவருள் இருந்தனர். அவர்கட்கு 1970இல் எழுப்பிய நினைவுக்கல் அமைதிப் பூங்காவுக்கு வெளியே நின்றது. 1999இலேதான் உள்ளே இடம்பெற்றது.

ஆதலின், துன்புற்றோர் குரல் நம் செவிக்கு எட்டிவிட்டது என்று அமைதல் போதாது. துன்புற்றோருள்ளும் எவர் குரல் எட்டவில்லை என வினவுதல் வேண்டும். மாணவர்க்குச் செய்தித்தாளைப் படிக்கப் பழக்கும் ஆசிரியர் இவ்வினாவையும் உடன் பழக்குதல் தகும்.